வலது மூலையில் விடாமல் வரும் பாப்அப்: என்ன செய்தும் நிற்கவில்லை, உதவுங்கள்

பொன்னிமகள் | சனி, காலை 9:12

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கணினியில் பத்து நாளாக ஒரு தொல்லை. தஞ்சாவூர் வீட்டில் இருப்பது பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10, க்ரோம். திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வருகிறது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, பக்கத்தில் ஏதோ ஆன்டிவைரஸின் சின்னம். மூடினால் அடுத்தது வருகிறது. சில நேரம் பார்க்கவே கூசும் படங்கள். க்ரோமை மூடி வைத்தாலும் நிற்பதில்லை.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கோயிலின் தலவரலாற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். போன ஞாயிறு என் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படி ஒரு படம் வந்துவிட்டது. அப்பா இரண்டு கையாலும் திரையை மறைத்தாராம். அன்றிலிருந்து கணினிப் பக்கமே போகவில்லை. "நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது" என்று அவர் சொல்வதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது.

ஸ்கேன் செய்து பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று வருகிறது. நான் செவ்வாய் இரவு கோயம்புத்தூர் திரும்ப வேண்டும். அதற்குள் சரிசெய்துவிட்டுப் போக வழி சொல்லுங்கள்.

மின்னல்வேகன் | சனி, காலை 9:30

ஃபார்மட் போட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான். இதைத் தேடிக் கண்டுபிடித்து எடுப்பதற்கு அதைவிட நேரமாகும்.

வைகைக்கரை | சனி, காலை 10:05

சகோதரி, ஃபார்மட் வேண்டாம். அப்பாவின் கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. எழுத்துரு, தட்டச்சு அமைப்பு எல்லாம் மறுபடி போட வேண்டும். இன்னொன்று, க்ரோமின் அமைப்புகள் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டு சிங்க் ஆகிக்கொண்டிருந்தால், புதிதாக விண்டோஸ் போட்டு உள்ளே நுழைந்ததுமே பழைய எக்ஸ்டென்ஷன்களும் (க்ரோமோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல்கள்) கூடவே வந்து இறங்கும். தொல்லை அங்கிருந்து வந்திருந்தால் அரை நாளும் வீண்.

முதலில் அந்தப் பெட்டியை அனுப்புவது யார் என்று பார்ப்போம். அடுத்த முறை வரும்போது மூடாதீர்கள், உள்ளேயும் சொடுக்காதீர்கள். செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதாவது இணையதளத்தின் பெயர் இருக்கிறதா? கூகுள் க்ரோம் என்று எங்காவது போட்டிருக்கிறதா? இருந்தால் இது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை. கணினியில் கெட்ட நிரல் எதுவும் இல்லாதபோது ஸ்கேன் எதைப் பிடிக்கும்?

அனுமதி எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்பாவிடம் எடுத்துச் சொல்ல உதவும். 2015இல் வந்த க்ரோம் 42 முதல், ஒரு தளத்தை நாம் மூடிவிட்டுப் போன பிறகும் அது நமக்குச் செய்தி அனுப்ப வழி உண்டு. மின்னஞ்சல், காலண்டர் போன்றவற்றுக்கு உதவட்டும் என்றுதான் கொண்டு வந்தார்கள். விளம்பரக் கும்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஏதாவது பக்கத்தைத் திறந்தால் ஒரு ரோபோ படம் வரும், "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய அலவ் பொத்தானை அழுத்துங்கள்" என்று எழுதியிருக்கும். உண்மையில் அந்த அலவ் பொத்தான் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததே இல்லை. மேலே இடது ஓரத்தில் க்ரோம் காட்டும் அனுமதிப் பெட்டியின் பொத்தான் அது. ஒரு தடவை அழுத்தினால் போதும், பிறகு நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எழுபது வயதுக்காரர் என்றில்லை, என் அலுவலகத்தில் முப்பது வயதுப் பிள்ளைகளும் இதில் விழுந்திருக்கிறார்கள். அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லுங்கள்.

எடுக்கும் வழி: க்ரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அந்தப் பக்கத்தின் அடியில், அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அதே தளம் மறுபடி கேட்கும், பிளாக் கொடுத்தால் கேட்காது. அப்புறம் பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் இனிமேல் அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வு இருக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள்.

மூடிய பிறகும் வருகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் க்ரோம் பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பது. செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், க்ரோமை மூடிய பின்னும் பின்னணியில் இயங்க விடும் தேர்வை அணைத்துவிடுங்கள்.

பொன்னிமகள் | சனி, பகல் 12:40

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! பெட்டியின் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர், பிறகு கூகுள் க்ரோம். பட்டியலைத் திறந்தால் 23 தளங்கள். அதில் எனக்குத் தெரிந்தவை இரண்டே இரண்டு: அப்பா படிக்கும் செய்தித்தாள், என் மின்னஞ்சல். மற்ற 21-ம் வாயில் நுழையாத எழுத்துக் கோவைகள், நடுவில் எண்கள். எல்லாவற்றையும் பிளாக் செய்துவிட்டேன். தெரிந்த இரண்டையும்கூட எடுத்துவிட்டேன். ஒரு மணி நேரமாக மூலை வெறுமையாக இருக்கிறது. அப்பா வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யாழ்நிலா | சனி, பிற்பகல் 1:15

எனக்கும் இதே பிரச்சினைதான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கைத்தொலைபேசியில், மேலேயிருந்து இழுத்தால் முழுக்க இப்படியான விளம்பரங்கள்தான். தொலைபேசிக்கும் இதே வழி சரிவருமா அண்ணா?

வைகைக்கரை | சனி, பிற்பகல் 1:40

ஆண்ட்ராய்டு என்றால் அதே வழிதான் தங்கச்சி. அங்கே இன்னும் சுலபம். வந்திருக்கிற விளம்பரத்தை விரலால் அழுத்திப் பிடித்தாலே எந்தச் செயலி அனுப்பியது என்று தெரியும். க்ரோம் என்றால் க்ரோமின் சைட் செட்டிங்ஸுக்குப் போங்கள். டார்ச், கிளீனர் மாதிரி வேறு ஏதாவது செயலியின் பெயர் வந்தால் அந்தச் செயலியையே எடுத்துவிடுங்கள்.

பழையபேட்டை | சனி, மாலை 5:20

இந்த இழையைப் படித்ததும் பழைய நினைவு வருகிறது. 2003இல் கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன், எட்டு கணினிகள். விண்டோஸ் எக்ஸ்பி காலம். பிரவுசரைத் திறக்காமலே நட்ட நடுத் திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வரும், மெசஞ்சர் சர்வீஸ் என்று தலைப்போடு. அது அலுவலக நெட்வொர்க்கில் நிர்வாகி எல்லோருக்கும் செய்தி சொல்ல வைத்திருந்த வசதி. வெளியிலிருந்து விளம்பரக்காரர்கள் அதன் வழியாக அனுப்பினார்கள். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து அந்த சர்வீஸை நிறுத்தினேன். 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்டே அதை அணைத்துவைத்துக் கொடுத்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பாப்அப் தடுப்பு வந்ததும் அதே சர்வீஸ் பேக்கில்தான்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நல்லதுக்கு வைத்த கதவைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே வருகிறார்கள். அதனால் தங்கச்சி, பாப்அப் வந்தால் ஏதாவது கிளீனர் நிரலைத் தேடி இறக்க வேண்டாம். எந்தக் கதவு வழியாக வருகிறது என்று மட்டும் பாருங்கள். என் சென்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேருடைய வீட்டுக் கணினியில் அந்தக் கிளீனர்தான் அடுத்த தொல்லையாக இருந்தது.

மின்னல்வேகன் | சனி, மாலை 6:02

நான் அவசரப்பட்டு ஃபார்மட் என்று சொல்லிவிட்டேன். வைகைக்கரை சொன்ன சிங்க் விஷயம் எனக்குத் தெரியாது. போன வருடம் அக்காவின் லேப்டாப்பை இரண்டு முறை ஃபார்மட் செய்தும் விளம்பரம் திரும்பி வந்தது, ஏன் என்று இப்போது புரிகிறது.

பொன்னிமகள் | திங்கள், காலை 8:50

ஞாயிறு முழுக்க ஒன்றும் வரவில்லை. இன்று காலை கணினியைப் போட்டதும் க்ரோம் தானாகத் திறந்தது. ஏதோ சூதாட்டத் தளம். மூடினேன். சரியாக அரை மணி நேரம் கழித்து மறுபடி திறந்தது, இந்தத் தடவை வேறு தளம். மூலையில் பெட்டி எதுவும் வரவில்லை, முழுப் பக்கமாகவே வருகிறது. நாளை இரவு எனக்குப் பேருந்து. என்ன செய்வது ஐயா?

வைகைக்கரை | திங்கள், காலை 9:25

பதறாதீர்கள். இது வேறு. முன்பே இருந்திருக்கும், அந்தப் பெட்டிகளின் கூட்டத்தில் தனியாகத் தெரிந்திருக்காது. "சரியாக அரை மணி நேரம்" என்று எழுதினீர்களே, அதிலிருந்தே தெரிகிறது. பிரவுசர் கடிகாரம் பார்த்துத் திறந்தால், விண்டோஸில் யாரோ அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தட்டித் திறங்கள். இடது பக்கம் டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி. அதைச் சொடுக்கினால் நடுவில் ஒரு பட்டியல் வரும். அதற்குக் கீழே கிளை பிரியும் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் போகவே வேண்டாம், அது விண்டோஸின் சொந்த வேலை. மேல்மட்டப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி இரண்டு தாவல்களை மட்டும் பாருங்கள். டிரிக்கர்ஸ் என்பதில் எப்போது ஓடும் என்று இருக்கும். ஆக்‌ஷன்ஸ் என்பதில் எதை ஓட்டும் என்று இருக்கும். ஆக்‌ஷன்ஸில் ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஆள்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூகுள் அப்டேட் என்று நிஜமாகவே ஒன்று இருக்கும். அது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் கூகுள் ஃபோல்டரில் உள்ள நிரலை ஓட்டும். அதை விட்டுவிடுங்கள். அதே சாயலில் பெயர் வைத்துக்கொண்டு ஆக்‌ஷனில் வேறு எதையோ வைத்திருப்பதுதான் நமக்கு வேண்டியது. முதலில் டிசேபிள் செய்து அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். நின்றால் டிலீட் செய்யலாம்.

கையோடு டெஸ்க்டாப்பில் இருக்கும் க்ரோம் ஐகானை வலது சொடுக்கு செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற வரி க்ரோம் நிரலின் பெயரோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு முகவரி தொங்கினால் அதை அழித்துவிடுங்கள். க்ரோமில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தையும் திறந்து என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

பொன்னிமகள் | திங்கள், காலை 11:10

கிடைத்துவிட்டது! மேல்மட்டத்தில் ஏழு இருந்தன. ஒன்றின் பெயர் பிரவுசர் அப்டேட் என்று ஒழுங்காகத்தான் இருந்தது. டிரிக்கர்ஸில் இரண்டு வரி: லாகான் ஆகும்போது ஒரு முறை, பிறகு 30 நிமிடத்துக்கு ஒரு முறை. ஆக்‌ஷன்ஸில் சிஎம்டி, அதற்குப் பின்னால் ஸ்டார்ட், அதற்குப் பின்னால் ஒரு முகவரி. அந்த வரியைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இத்தனை நாளும் இது உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. டிசேபிள் செய்தேன். ஒரு மணி நேரமாகத் திறக்கவில்லை. இப்போது டிலீட் செய்துவிட்டேன்.

அதில் தேதியும் இருந்தது. உருவாக்கிய நாளைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் அன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பழைய பாமினி எழுத்துருவில் இருந்த கும்பாபிஷேக மலர் ஒன்றை, இப்போது எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்ற ஏதோ மாற்றி நிரலை இறக்கினாராம். பக்கத்தில் மூன்று டவுன்லோட் பொத்தான்கள் இருந்ததாம். பெரிதாக, பச்சையாக இருந்ததை அழுத்தினாராம்.

ஐகானில் கோளாறு இல்லை. எக்ஸ்டென்ஷன்களில் மட்டும் ஒன்று புரியவில்லை. தேடல் உதவி என்பது போல ஒரு பெயர். அதற்கு ரிமூவ் பொத்தானே இல்லை. "உங்கள் நிர்வாகி நிறுவியது" என்கிறது. க்ரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியிலும் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வருகிறது. எங்கள் வீட்டில் ஏது நிறுவனம்?

வைகைக்கரை | திங்கள், பகல் 12:15

இது அலுவலகங்களுக்கான வசதி. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் க்ரோமில் ஓர் எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக வைக்க பாலிசி போடலாம். அப்பா இறக்கிய நிரல் தன்னையே நிறுவனம் மாதிரி காட்டிக்கொண்டு பாலிசி எழுதிவிட்டது. அலுவலக லேப்டாப்பில் இந்த வரி வந்தால் அது இயல்பு, தொடக் கூடாது. சில ஆன்டிவைரஸ்களும் இப்படி எழுதுவதுண்டு. இங்கே ரிமூவ் இல்லாத எக்ஸ்டென்ஷனும் இருப்பதால் சந்தேகமே வேண்டாம்.

க்ரோம் முகவரிப் பட்டையில் க்ரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி. என்ட்டர். எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்று ஒரு வரி இருக்கும். இருந்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரை (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) திறந்து லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், க்ரோம் என்று இறங்குங்கள். முதலில் அந்த க்ரோம் ஃபோல்டரை வலது சொடுக்கு செய்து எக்ஸ்போர்ட் எடுத்து டெஸ்க்டாப்பில் வையுங்கள், ஏதாவது தவறினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஃபோர்ஸ்லிஸ்ட் என்ற துணை ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்தால் எக்ஸ்டென்ஷனும் போயிருக்க வேண்டும். போகாவிட்டால், கரண்ட் யூசர் பகுதியிலும் இதே பாதையில் ஒரு தடவை பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால், இப்படி ஒட்டிக்கொண்ட விளம்பர நிரல்களை நீக்கும் ஆட்வ்கிளீனர் ஓட்டலாம். இலவசம், நிறுவவும் வேண்டியதில்லை. 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது, அவர்களுடைய தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் போலிகள் சுற்றுகின்றன.

எல்லாம் முடிந்த பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று கொடுங்கள். கணினி மூடித் திறந்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். ஏறக்குறைய 15 நிமிடம். அதே செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் என்ற பகுதியில், வேண்டாத நிரல்களைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிடுங்கள். இப்படி ஒட்டிக்கொண்டு வருவதைத் தடுப்பதற்கென்றே உள்ளது.

செங்காட்டான் | திங்கள், பிற்பகல் 3:30

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பெரியப்பாவுக்கு நடந்தது. அவருக்கும் இப்படித்தான் வைரஸ் என்று ஆரம்பித்தது. ஒரு நாள் திரை முழுக்க நீலமாகி, சத்தத்தோடு, "கணினியை அணைக்காதீர்கள், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தது. கூப்பிட்டார். எதிர்முனையில் மரியாதையாகப் பேசினார்கள், ஐயா ஐயா என்றார்கள். கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகு "சேவைக் கட்டணம் பத்து ரூபாய்தான், நெட்பேங்கிங்கில் போடுங்கள்" என்றார்கள். அவர் கடவுச்சொல் தட்டுவதை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஓய்வூதியத்திலிருந்து 62,000 ரூபாய் போனது.

அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு நாள் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம். தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம் 1930 என்ற எண்ணைச் சொல்லி வையுங்கள். இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண். பணம் போன உடனே கூப்பிட்டால், அது அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் பொய். அந்த நீலத் திரை வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வரும். வராவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

பழையபேட்டை | திங்கள், மாலை 4:10

செங்காட்டான், உங்கள் பெரியப்பாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்தத் தூர இயக்கச் செயலி மோசடியைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. அந்தச் செய்தி பெரியவர்களிடம் போய்ச் சேரவே இல்லை.

மின்னல்வேகன் | திங்கள், மாலை 6:45

விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதே, அதனால்தான் இப்படி வருகிறதா?

வைகைக்கரை | திங்கள், இரவு 7:20

இல்லை தம்பி. இதே தந்திரம் விண்டோஸ் 11இலும் அப்படியே நடக்கும். அலவ் அழுத்துவதும் பச்சைப் பொத்தான் அழுத்துவதும் நம் கையால் நடப்பது, அதை எந்த அப்டேட்டும் நிறுத்தாது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் நெட்பேங்கிங் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தார்கள், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதில் சேரலாம்.

பொன்னிமகள் | செவ்வாய், பிற்பகல் 2:30

ஃபோர்ஸ்லிஸ்ட் இருந்தது, அழித்தேன். மறுதொடக்கம் செய்ததும் அந்த எக்ஸ்டென்ஷன் போய்விட்டது. நிறுவனம் என்ற வரியும் போய்விட்டது. ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்றைப் பிடித்து நீக்கியது, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்த அந்த மாற்றி நிரல்தான். நேற்று பகலிலிருந்து இதுவரை ஒரு பெட்டியும் இல்லை, பக்கமும் திறக்கவில்லை.

அப்பாவுக்கு இனிமேல் தமிழ் தட்டச்சுக்கு எதையும் இறக்காமல் இருக்க வழி உண்டா? அந்தத் தேடலில்தான் இதெல்லாம் வந்தது.

பழையபேட்டை | செவ்வாய், பிற்பகல் 3:05

உண்டு. விண்டோஸ் 10இல் 2019 மே மாத அப்டேட்டிலிருந்து தமிழ் ஒலியியல் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. அம்மா என்பதற்கு ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் விசைப்பலகையைச் சேருங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறிக்கொள்ளும். பாமினியை யூனிகோடாக்க, நிரல் இறக்காமல் பக்கத்திலேயே ஒட்டி மாற்றும் தளங்கள் இருக்கின்றன. அங்கே எதையும் இறக்கவோ அனுமதிக்கவோ தேவையே இல்லை. உரையை ஒட்டுங்கள், மாற்றுங்கள், நகலெடுங்கள்.

விளம்பரத் தடுப்பும் ஒன்று போட்டுவிடுங்கள். அந்தப் பச்சைப் பொத்தான் கண்ணிலேயே படாது. க்ரோம் என்றால் யூபிளாக் ஆரிஜின் லைட். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் முழு யூபிளாக் ஆரிஜினே வேலை செய்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

பொன்னிமகள் | செவ்வாய், மாலை 6:50

எல்லாம் போட்டாயிற்று. அப்பா நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்தார். முதல் பத்து நிமிடம் கண் வலது மூலையிலேயே இருந்தது. அப்புறம் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, மூன்றாம் குலோத்துங்கன் கல்வெட்டைப் பற்றிய பத்தியைச் சொல்லச் சொல்லி அவனைத் தட்டச்சு செய்ய வைத்தார். 1930-ஐக் கணினிக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதிவிட்டேன். வைகைக்கரை ஐயாவுக்கும் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வி. அவர் படிக்கும் செய்தித்தாளின் அறிவிப்பு மட்டும் காலையில் வந்தால் நன்றாக இருக்கும் என்கிறார். அதற்கு மட்டும் திரும்ப அனுமதி கொடுக்கலாமா?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 7:15

தாராளமாக. அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கம், அனுமதி பட்டியலுக்குப் பக்கத்தில் ஆட் பொத்தான். செய்தித்தாளின் முகவரியை மட்டும் சேருங்கள். மற்ற தளங்கள் கேட்கக் கூடாது என்ற தேர்வு அப்படியே இருக்கட்டும். நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள் சகோதரி. தலவரலாறு அச்சாகி வந்தால் இங்கே சொல்லுங்கள், எனக்கு ஒரு பிரதி வேண்டும்.